காம்போரத்துப் பச்சை

உ

ஆலங்கொல்லை
துர்முகி வருடம், ஆனி 29

அன்புள்ள மகன் குழந்தைசாமிக்கு அப்பா ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. கருப்பர் காவலில் நானும் உன் ஆத்தாளும் உயிருக்குக் குறைவில்லாமல் இருக்கிறோம். கடலுக்கு அக்கரையில் கிள்ளானில் நீயும் உன் கடை முதலாளி வீட்டாரும் நல்லபடி இருக்க அவரையே வேண்டிக்கொள்கிறேன். சுகம் என்று ஒரே சொல்லில் எழுதி முடிப்பதுதான் நம் வழக்கம், இந்தத் தடவை அப்படி எழுதினால் பொய்யாகும். யாரையும் வைத்து எழுதாமல் நானே முற்றத்தில் உச்சி வெயிலில் உட்கார்ந்து எழுதுகிறேன். வரி ஏறியும் இறங்கியும் போகும், எழுத்து பூசணிக்காய் அளவுக்கு இருக்கும், சிரிக்காதே. அறந்தாங்கியில் நீல மை கேட்டு வாங்கினேன், கடைக்காரர் கொடுத்தது நீலமா பச்சையா என்று எனக்குத் தெரியவில்லை. ஏன் தெரியவில்லை என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன், பாதியில் மடித்து வைக்காமல் கடைசி வரை படி.

முதலில் அவசரமான காரியம். உன் பெண்டாட்டி செவந்தியையும் பிள்ளை சொர்ணவல்லியையும் அங்கே அழைத்துக்கொள்ளப் போட்டிருந்த பெர்மிட்டு மனுவை நீ நிறுத்தி வைத்துவிட்டதாகவும், தாய்வீட்டிலேயே இருந்துகொள் என்று அவளுக்கும் எழுதிவிட்டதாகவும் உன் கடிதத்தில் கண்டேன். ஆடி முடிவதற்குள் கையெழுத்துப் போடாவிட்டால் மனு தள்ளுபடியாகிவிடும், மறுபடி எப்போது கிடைக்குமோ தெரியாது என்று மாசியில் நீயே எழுதியிருந்தாய். தம்பி, அதை நிறுத்தாதே. நீ நிறுத்தியது என் வைகாசிக் கடிதத்தைப் பார்த்து, அந்தக் கடிதத்தில் நான் எழுதியது உண்மை இல்லை. செவந்தி கருப்பட்டித் தண்ணீரை அளவில்லாமல் தெளித்து மூன்று வீட்டுப் புகையிலையையும் அழுகவைத்துவிட்டாள், கேட்டதற்கு எதிர்த்துப் பேசிக் கருப்பர் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சத்தியம் செய்தாள், கோபித்துக்கொண்டு பிள்ளையோடு போய்விட்டாள் என்று எழுதினேன். அதில் அவள் சத்தியம் செய்ததும் போனதும்தான் நிஜம். மற்றது என் தப்பு. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், நீயே தீர்ப்புச் சொல்.

கார்த்திகைப் புயல் நாற்றங்காலை வழித்துக்கொண்டு போனதை அப்போதே எழுதியிருந்தேன். மார்கழியில் ஆவுடையார்கோவில் பக்கத்திலிருந்து மறுநாற்று வாங்கி வந்து நட்டோம். நெல்லுக்கு ஆகாத நம் உப்புக் கிணறுதான் புகையிலைக்கு ஆகிற கிணறு, அதனால் பிந்தி நட்டாலும் இலை முறம் அகலத்துக்கு வந்தது. பங்குனிக் கடைசியில் வெட்டிப் பந்தலில் கட்டினோம். நம் இலையோடு ராக்கன் வீட்டு இலையும் திருப்பதி வீட்டு இலையும் எப்போதும் போல நம் முற்றத்துக்கே வந்தன. நீ கடைக்குப் போய் அஞ்சு வருடமானதில் மறந்திருப்பாய், கொஞ்சம் இலையைக் குவித்தால் அம்பாரத்தில் சூடு ஏறாது, சூடு ஏறாவிட்டால் இலை பழுக்காது, அதற்காகத்தான் மூன்று வீட்டு இலையும் ஒரே அம்பாரம். யாருடையது என்று தெரிய முடிச்சு மட்டும் வேறு வேறு, நமக்குப் பனைநார், ராக்கனுக்குத் தாழைநார், திருப்பதிக்கு வாழைநார். கெட்டால் மூன்று வீட்டுக்கும் கெடும். அதனால்தான் எப்போது குவிக்கலாம் என்று ஒருவர் கண்தான் சொல்ல வேண்டும் என்று வைத்திருந்தோம். அந்தக் கண் என்னுடையது.

பந்தலில் தொங்குகிற இலை பச்சை விட்டு மஞ்சளாகி, மஞ்சள் விட்டுத் தேன் நிறத்துக்கு வரும். நிறம் நுனியில் முதலில் ஏறும், காம்போரத்தில் கடைசியாக ஏறும். நடுநரம்பு காம்பைச் சேர்கிற இடத்தில் ஒரு நகக்கண் அளவு பச்சை நின்றாலும் உள்ளே ஈரம் நிற்கிறது என்று அர்த்தம். அதைக் குவித்தால் பழுக்காது, அவிந்து அழுகும், தான் அழுகுவதோடு நில்லாமல் பக்கத்து இலையையும் கெடுக்கும். காலை வெயிலுக்கு எதிரே இலையைத் தூக்கிப் பிடித்து அந்த ஒரு இடத்தைப் பார்த்து ஆச்சு என்றோ ஆகவில்லை என்றோ சொல்ல வேண்டும், அவ்வளவுதான் வேலை. முப்பது வருடம் சொன்னேன். ஊரில் வேறு எந்தக் காரியத்துக்கும் என்னைக் கேட்டு ஒருவன் அடி எடுத்து வைத்ததில்லை, இதற்கு மட்டும் கேட்டார்கள். அந்தக் கர்வம் எனக்கு எவ்வளவு என்று உனக்குத் தெரியும், நீயே பல தடவை கேலி செய்திருக்கிறாய்.

சித்திரை பதினெட்டாம் தேதி காலையில் பந்தலுக்குக் கீழே நின்று பார்த்தேன். எல்லா இலையும் தேன் நிறமாக இருந்தது, எதை எடுத்தாலும் தேன் நிறம். குவிக்கலாம் என்றேன். முடிச்சு அவிழ்த்துக்கொண்டிருந்த செவந்தி ஒரு இலையை என்னிடம் கொண்டுவந்து, “மாமா, காம்போரத்துல இன்னும் பச்சை இருக்குங்க. ரெண்டு வெயில் கூடக் காயட்டுமே” என்றாள். வாங்கிப் பார்த்தேன். எனக்குப் பச்சை தெரியவில்லை. வரகு விதைத்து வானத்தைப் பார்க்கிற ஊரில் பிறந்தவளுக்குப் புகையிலை நிறம் சொல்லிக்கொடுத்தது யார் என்று ராக்கன் காதுபடக் கேட்டேன். அவள் முகம் சிறுத்துப் போயிற்று, இலையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டு திரும்பிவிட்டாள். இந்தப் பேச்சை நான் வைகாசிக் கடிதத்தில் எழுதவில்லை. மறந்து போய் விட்டதல்ல, எழுதினால் நீ என்ன நினைப்பாய் என்று யோசித்தேதான் விட்டேன்.

அன்றைக்கே குவித்து வைக்கோல் மூடிச் சாக்குப் போட்டோம். மூன்று நாளைக்கு ஒரு தடவை பிரித்து, மேல் அடுக்கைக் கீழாகவும் கீழ் அடுக்கை மேலாகவும் மாற்றி, லேசாகக் கருப்பட்டித் தண்ணீர் தெளிப்பது முறை. உன் ஆத்தாளுக்குக் கைமூட்டு வலி என்பதால் தெளிக்கிற வேலை இந்த வருடம் செவந்திக்கு. இரண்டாம் பிரிப்பில் புளித்த வாடை வந்தது, சூடு என்று சொல்லி மழுப்பினேன். மூன்றாம் பிரிப்பில் ராக்கன் கையை உள்ளே விட்டான், இலை கூழாக வந்தது, நடுவில் வெள்ளையாகப் பூஞ்சை. மூன்று வீட்டு ஆட்களும் சுற்றி நின்றார்கள். திருப்பதி என்னைப் பார்த்தான். புயலில் அவன் கூரை போய், வாங்கின நாற்றும் கடைசியில் இப்படி ஆன மனிதன் அவன். அந்தப் பார்வைக்கு நான்தான் பதில் சொல்லியிருக்க வேண்டும். என் வாய் செவந்தி தண்ணீரை ஊற்றிவிட்டாள் என்று சொல்லிற்று. அவள் கையில் செம்பு இருந்ததை எல்லோரும் பார்த்தவர்கள்தான், அதனால் நான் சொன்னது அவள்மேல் அப்படியே ஒட்டிக்கொண்டது.

அவள் அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை. அரைச் செம்புக்கு மேல் தெளிக்கவில்லை, கருப்பர் முன்னால் சொல்லச் சொன்னாலும் சொல்கிறேன் என்றாள். உன் ஆத்தாள் வேண்டாம் வேண்டாம் என்று குறுக்கே வந்து நின்றாள். சொல்லட்டும் என்றேன். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சத்தியம் செய்தவரும் செய்யச் சொன்னவரும் அதை இறக்கி வைக்கிற வரைக்கும் ஒருவர் கைத் தண்ணீரை ஒருவர் குடிக்கக் கூடாது, ஓர் அடுப்புச் சோறு கூடாது என்பது நம் ஊர்க் கட்டு, உனக்குத் தெரியும். கற்பூரத்தைக் கையால் அணைத்தாள், தண்ணீரைப் பற்றி மட்டும் சொன்னாள், வேறு எதையும் சொல்லவில்லை. பிறகு அவள் எப்படி இந்த வீட்டில் இருப்பாள். அடுப்பு ஒன்று, குடம் ஒன்று. அதனால் போனாளே தவிர கோபித்துக்கொண்டு போகவில்லை. கோபித்துக்கொண்டு போனாள் என்று எழுதியது நான்.

அதன் பிறகு நடந்ததைச் சொல்கிறேன். வெட்டிய தூரில் மறுபடி தழைத்த இலையை வைகாசி நடுவில் அறுத்துப் பந்தலில் கட்டியிருந்தோம். ஆனி அஞ்சாம் தேதி காலையில் தூக்கிப் பார்த்து, ஆச்சு, குவிக்கலாம் என்று ராக்கனைக் கூப்பிட்டேன். அவன் வந்து பார்த்துவிட்டுச் சும்மா நின்றான். ஏன்டா நிற்கிறாய் என்றேன். “அண்ணே, இது பாதி பச்சையா நிக்குது. ஒங்களுக்குத் தெரியலையா?” என்று என் காதோரமாகக் கேட்டான், வேறு யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்று. இலையை வெயிலுக்குக் காட்டினேன், நிழலில் வைத்துப் பார்த்தேன், கண்ணைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். தேன் நிறம்தான் தெரிந்தது. கொல்லையில் நிற்கிற செடியைப் பார்த்தேன், அதுவும் பழுத்த மாதிரிதான் இருந்தது. மாசியிலிருந்தே அரிக்கேன் சிம்னியைச் சரியாகத் துடைக்கவில்லை, எல்லாம் மஞ்சளாகத் தெரிகிறது என்று உன் ஆத்தாளை வைதுகொண்டிருந்தேன். சிம்னி சுத்தமாகத்தான் இருந்திருக்கிறது.

அன்றைக்கே நான் நாலு பேர் முன்னால் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பதினோரு நாள் வாயைத் திறக்கவில்லை. சித்திரையில் சொன்னது தெரியாமல் செய்த தப்பு என்று கருப்பரிடம் வாதாடினாலும் வாதாடலாம், இந்தப் பதினோரு நாள் தெரிந்தே செய்தது. முப்பது வருடம் இவன் கண்ணை நம்பி இலை கொடுத்தோமே என்று திருப்பதி நினைப்பானே என்றுதான் எண்ணினேன். அங்கே ஒருத்தி திருடியைப் போலத் தாய்வீட்டில் உட்கார்ந்திருக்கிறாளே என்பது நினைப்பில் வராமல் இல்லை, வரும்போதெல்லாம் எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவேன். அந்த நாட்களில்தான் உன் கடிதம் வந்தது. உன் ஆத்தாளுக்கு வாசித்துக் காட்டினேன். பெர்மிட்டை நிறுத்திவிட்டேன் என்கிற இடம் வந்ததும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். “அந்தப் புள்ள அன்னைக்குப் பச்சைன்னு சொன்னுச்சா, சொல்லலையா?” ராக்கன் ஊரில் யாரிடமும் சொல்லவில்லை, அவளிடம் மட்டும் சொல்லியிருக்கிறான். நான் கடிதத்தை மடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். கோபம் வந்தால் உன் ஆத்தாளுக்குப் பேச்சு ஊர் எல்லைவரை கேட்கும், நீ அறிந்ததுதான். அன்றையிலிருந்து பேச்சே நின்றுவிட்டது. எனக்குச் சோறு போட்டுவிட்டுத் தான் கஞ்சியை மட்டும் குடித்துக்கொண்டு படுத்துவிடுவாள். ஏழு நாள் பொறுத்தேன், எட்டாம் நாள் சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஏறினேன்.

போகிற வழியில் புதுக்கோட்டையில் இறங்கி ஆஸ்பத்திரியில் கண்ணைக் காட்டினேன். இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருக்கிறதாம், முற்றினால்தான் எடுக்க முடியும், ஒரு வருடம் போகட்டும் என்றார் டாக்டர். இலைதான் பழுக்கக் காத்திருக்க வேண்டும் என்று நினைத்திருந்தேன், கண்ணுக்கும் அதே கணக்குத்தானாம். அங்கிருந்து திருமயம் பஸ், இறங்கி அவள் ஊருக்கு நடை. வெயில் மண்டையைப் பிளந்தது. வாசலில் போய் நின்றதும் செவந்தி செம்பில் தண்ணீர் மொண்டு வந்தவள், ஞாபகம் வந்து, என் கையில் கொடுக்காமல் சுவரோரமாகத் தரையில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள். எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. செம்பைப் பார்த்துக்கொண்டே நின்றேன், எடுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்த மாமனாருக்கு ஒரு வாய் தண்ணீர் தர முடியாமல் ஒரு மருமகளை நிற்க வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன், கண் போனது, இலை, பதினோரு நாள், உனக்கு எழுதினது எல்லாம். அவள் அண்ணனும் தாயாரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். எதையும் விடவில்லை.

சொல்லி முடித்ததும் அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “ஒங்களுக்குக் கண்ணு சரியில்லைன்னு அன்னைக்கே தெரியும் மாமா. எலையைக் காட்டுனப்ப ஒங்க பார்வை காம்புகிட்ட வரவே இல்ல. நாலு பேரு முன்னால அதச் சொல்லிட்டா நாளைக்கு ஒங்களை யாரு கேப்பாங்க. அதான் தண்ணியப் பத்தி மட்டும் சத்தியம் பண்ணுனேன்.” குழந்தைசாமி, நான் என் மானத்துக்காக அவள் மானத்தை எடுத்துக் கொடுத்தேன், அவள் என் மானத்துக்காகத் தன்னுடையதைப் போக விட்டாள். எனக்கு அறுபது வயது, உன் தாத்தா செத்தபோது கூட நான் அழுததை யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அந்த வாசலில் அழுதேன். பிள்ளை சொர்ணவல்லி வந்து என் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றது. நீ படத்தில் மட்டும் பார்த்த பிள்ளை, நாலு வயது தாண்டிவிட்டது, உன் நெற்றி.

சத்தியத்தை இறக்குவதற்கு ஆனி இருபத்திரண்டு வெள்ளிக்கிழமை செவந்தி தன் அண்ணனோடு வந்தாள். மூன்று வீட்டாரும் கூடியிருக்க, கருப்பர் முன்னால் நான் உரக்கச் சொன்னேன். இலை கெட்டது தண்ணீரால் இல்லை, என் கண்ணால். பச்சை என்று அவள் சொன்னாள், நான் கேட்கவில்லை, பழியையும் அவள்மேல் போட்டேன் என்று சொன்னேன். திருப்பதி தலையைக் குனிந்துகொண்டான், ஒரு சொல் வையவில்லை, வைதிருந்தால் தேவலை. பூசாரி கொடுத்த தண்ணீரை என் கையால் செவந்திக்குக் கொடுத்தேன், குடித்தாள். அவள் கொடுத்ததை நான் குடித்தேன். உன் ஆத்தாள் அன்று மத்தியானம்தான் வாய் நிறையச் சாப்பிட்டாள். புறப்படுமுன் செவந்தி பந்தலுக்குக் கீழே போய் நின்று, கிழக்கே உள்ள இரண்டு வரிசை ஆச்சு, மேற்கே உள்ளது இன்னும் நாலு வெயில் காண வேண்டும் என்று ராக்கனிடம் சொன்னாள். அவள் சொன்னபடியே கிழக்கு வரிசையைக் குவித்தோம். நேற்று இரண்டாம் பிரிப்பு, புளிப்பு வாடை கிடையாது, கருப்பட்டி காய்ச்சுகிற வாசம். கருப்பருக்குப் படைக்கிற சுருட்டுக்கு அதில்தான் முதல் இலை எடுக்கப் போகிறோம்.

இரு என்று நானும் உன் ஆத்தாளும் எவ்வளவோ கேட்டும் அவள் தங்கவில்லை, தாய்வீட்டுக்கே திரும்பிவிட்டாள். அவளைக் குறை சொல்லாதே. “ஒங்களுக்கும் எனக்கும் இருந்தது இன்னைக்கோட தீந்துச்சு மாமா. அவரு எழுதுனது அவருக்கும் எனக்கும். அத அவருதான் தீக்கணும்” என்றாள். நியாயம்தானே. எனக்குக் கண் தெரியவில்லை, நான் பச்சையைப் பார்க்கவில்லை. உனக்கு என்ன கேடு. ஒரு தரப்புக் கடிதத்தை வைத்துக்கொண்டு, நீ என்ன சொல்கிறாய் என்று பெண்டாட்டியிடம் ஒரு வரி கேட்காமல் தீர்ப்பு எழுதிவிட்டாய். என் பிள்ளை என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். நான் போய் நின்ற வாசலில் நீ கடிதத்தில் போய் நில். இரண்டு கடிதம் போடாதே, எனக்கு ஒன்று அவளுக்கு ஒன்று என்று. அவளுக்கு மட்டும் எழுது, நேராக அவள் தாய்வீட்டு விலாசத்துக்கு, தப்பு என்று தொடங்கி எழுது. மழுப்பி எழுதினால் அவளுக்குத் தெரிந்துவிடும், நகக்கண் அளவு பச்சையையே கண்டுபிடித்தவள்.

மற்றபடி இங்கே விசேஷம் ஒன்றும் இல்லை. செவலைப் பசு கிடாரிக் கன்று போட்டிருக்கிறது. புயலில் பிய்ந்த மேற்குக் கூரையை வேய்ந்தாகிவிட்டது. திருப்பதி வீட்டுக் கூரைக்கு நம் தென்னையில் கீற்று எடுத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன், வாங்கிக்கொண்டான். வருகிற வருடம் இலையை யார் பார்ப்பது என்று இன்னும் பேசவில்லை, நான் பார்க்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். ராக்கனுக்கு ஓரளவு தெரியும். செவந்தியே இருக்கட்டுமே என்று உன் ஆத்தாள் ஒரு நாள் சொன்னாள், பிறகு அவளாகவே, வேண்டாம், அது புருசனோடு போய்ச் சேரட்டும் என்றாள். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏற்றிவிட நான் வருவேன், பஸ் போர்டு எனக்குப் படிக்க முடியாவிட்டாலும் செவந்தி படிப்பாள். நீ வெயிலில் தலையில் துண்டு போட்டுக்கொள், கண்ணைக் கவனித்துக்கொள், இது நம் வம்சத்தில் உள்ளது, உன் தாத்தாவுக்கும் கடைசியில் இருந்தது என்று இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

ஆடி முடிவதற்குள் மனுவில் கையெழுத்துப் போடு, மறக்காதே. வைகாசியில் நான் போட்ட கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடு. இதைக் கிழிக்காதே. செவந்தி அங்கே வந்து சேர்ந்ததும் இதை அவள் கையில் கொடு, அவள் பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும். பின்னொரு காலத்தில் இந்த இலைக்காக யாராவது அவளை ஒரு சொல் சொன்னால், கிழட்டுப் புத்தியில் நானே சொன்னாலும், எடுத்து முன்னால் போடட்டும். நீயும் அவளும் பிள்ளையும் ஒரே அடுப்புச் சோறு உண்டு நீடூழி இருக்கக் கருப்பர் கண் பார்க்கட்டும். கீழே இருப்பது என் கையெழுத்துத்தான், நானே போட்டது.

இப்படிக்கு
உன் அப்பா
நாகராசு